ஆள் ஏறினால் சாமி பாட்டு

எங்கள் காரில் இரண்டு பட்டன்கள் முக்கியம். முதல் பட்டனை அழுத்தினால் ரேடியோவில் அந்த ஆள் பாடுவார். இரண்டாவதை அழுத்தினால் சாமி பாட்டு சிடி ஓடும். யாராவது ஏறப்போகிறார்கள் என்றால், அவர்கள் கதவில் கை வைப்பதற்குள் என் விரல் இரண்டாம் பட்டனுக்குப் போய்விடும். கார்கள் மாறின, பட்டன் இருந்த இடம் மாறியது, என் விரல் மட்டும் மாறவில்லை. இந்த ஒழுங்கில் பாதியை நடைப்பயிற்சியில் காட்டியிருந்தால் டாக்டர் என்னைத் திட்டியிருக்க மாட்டார்.

அந்த ஆள் என்று நான் சொல்வது, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டான கன்ட்ரி பாடுகிற ஒருவரை. டெக்ஸாஸ்காரர். ‘அவுட்லா’, சட்டத்துக்கு அடங்காதவன் என்று அவருக்குப் பட்டம். பட்டத்தைக் கேட்டு, வங்கியைக் கொள்ளையடித்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் செய்த குற்றமெல்லாம், என் பாட்டை நானே எழுதுவேன், என் ஆட்களோடுதான் பாடுவேன் என்று ரெக்கார்டு கம்பெனிக்காரர்களிடம் சொன்னதுதான். நம் ஊரில் ஒரு மருமகள் இந்த மாதிரிச் சொன்னாலும் இதே பட்டம் கிடைக்கும்.

கல்யாணமாகி நான் முதலில் வந்து இறங்கியது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில். அங்கே மாடியிலிருந்து குரல் கொடுத்தால் இரண்டு தமிழ்க் குடும்பமாவது எட்டிப் பார்க்கும். பெண்ணுக்கு மூன்று வயதானபோது கணவருக்கு டெக்ஸாஸில் வேலை கிடைத்து ஃபிரிஸ்கோவுக்கு வந்தோம். இங்கே கார் இல்லாவிட்டால் கொத்தமல்லி வாங்கக்கூட வழி கிடையாது. என் விசா எச்-4. கணவரைச் சார்ந்து இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. திருச்சியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நாலு பேரை அதட்டிக்கொண்டிருந்தவள், இங்கே வந்து மைக்ரோவேவை அதட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய நீல நிற கார் ஒன்றை வாங்கி, கணவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ரோடு போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, வீடு மட்டும் இன்னும் கட்டாத புது சப்டிவிஷன் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பயிற்சி. பின் சீட்டில் பெண், கார் சீட்டில் கட்டுண்டு இருப்பாள். காரை விற்றவர் தனக்குப் பிடித்த ஸ்டேஷனை ரேடியோவில் அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை மாற்றலாம் என்று நான் கையை நீட்டியதும் கணவர் அலறினார்.

“ரெண்டு கையும் ஸ்டீயரிங்லயே இருக்கட்டும்! ரேடியோவ டச் பண்ணாதே!”

அதனால்தான் அந்த ஆள் என் வாழ்க்கைக்குள் வந்தார். ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம், வயதான ஓர் அறிவிப்பாளர் அவருடைய பாட்டுகளைப் போட்டு, நடுநடுவே அவர் கதையைச் சொல்வார். முதல் நாள் கேட்ட பாட்டு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஒருவன் தன் வீட்டு வாசலில் டிரக்கை நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே விளக்கு எரிகிறது. இறங்கிப் போகவும் தைரியமில்லை, திரும்பிப் போகவும் மனசில்லை. பாட்டு முழுக்க இவ்வளவுதான். அவர் இழுத்து இழுத்துப் பாடிய இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது பாதி. அந்தப் பாதிக்கே காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு அழுதேன். ஓட்டப் பயந்து அழுகிறேன் என்று கணவர் நினைத்து, “ஃபர்ஸ்ட் டே எல்லாருக்கும் இப்படித்தான்” என்று தண்ணி பாட்டிலை நீட்டினார்.

அந்த அறிவிப்பாளர் சொல்லிச் சொல்லி அவருடைய வரலாறே எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பருத்தி விளையும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். ரெக்கார்டு கம்பெனிகளின் ஊரான நாஷ்வில்லுக்குப் போனார். அங்கே அவருக்கு கோட்டு சூட்டு மாட்டி, தலைமுடியை வழித்துச் சீவி, பின்னால் இருபது வயலின்களை நிறுத்தி வைத்தார்கள். பாட்டையும் அவர்களே கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் பாடினார், ஒன்றும் எடுபடவில்லை. ஒருநாள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு டெக்ஸாஸுக்கே திரும்பி வந்தார். தாடி வளர்ந்தது. கூடவே பஸ்ஸில் ஊர் ஊராக வந்த ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு சில நாட்களிலேயே ஒரு ரெக்கார்டை முடித்தார். நடுவில் ஒருவர் இருமியதுகூட அதில் இருக்கிறது. இது ரெக்கார்டே இல்லை, ஒத்திகை என்று கம்பெனி சொன்னது. ஊரே அதை வாங்கியது.

அதற்கப்புறம் நல்ல பிள்ளையாக இருந்தார் என்று சொல்ல முடியாது. குடித்தார், ஜெயிலில் இரண்டு இரவு இருந்தார், மூன்று விவாகரத்து. ரேடியோக்காரர்கள் மறந்தார்கள். அவர் பாட்டுக்குச் சின்னச் சின்ன இடங்களில் பாடிக்கொண்டே இருந்தார். பிறகு, அவர் புகழோடு இருந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் கிடாரைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடி வந்தார்கள். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அரங்கில் எவ்வளவு பெரிய மனிதர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாலும், பாட வைத்திருந்த பாட்டை அவர் மாற்ற மாட்டாராம். இதைக் கேட்டு நான் அப்படியே உருகிப்போனேன். உருகிக்கொண்டே, அடுத்த சிக்னலில் ஒரு ஆன்ட்டி ஏற வேண்டும் என்பதால் இரண்டாம் பட்டனை அழுத்தினேன்.

ஏன் என்றால், பயம்தான். எச்-4இல் இருப்பவளுக்கு சொத்து என்றால் நாலு தெரிந்த குடும்பங்கள். காய்ச்சல் என்றால் ரசம் கொண்டுவருபவர்கள் அவர்கள்தான். அவர்களை அனுமார் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது, குடித்துவிட்டு ஜெயிலுக்குப் போனவன் பாட்டா போடுவது? “இவ என்ன இந்தக் குடிகாரப் பாட்டெல்லாம் கேக்கறா?” என்று ஒருத்தி மற்றவளிடம் சொல்வது என் காதில் முன்கூட்டியே விழும். யாரும் சொன்னதில்லை. சொல்ல நான் வாய்ப்பே கொடுத்ததில்லை.

இதையெல்லாம் பின் சீட்டிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டே வளர்ந்தாள். அந்த ஸ்டேஷனில் மற்ற நாட்களிலும் அவர் பாட்டு அடிக்கடி வரும். ஸ்கூலுக்குப் போகும்போதும் வரும்போதும் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆளோடு சேர்ந்து கத்துவோம். அந்த டிரக் பாட்டில் அவள் மேல்குரல், நான் கீழ்க்குரல். சனிக்கிழமை கர்நாடக சங்கீத கிளாஸும் உண்டு. “மூக்கால பாடறாளே” என்று டீச்சர் வருத்தப்படுவார். யாருடைய மூக்கு என்பது எனக்குத் தெரியும், சொல்லவில்லை. யாராவது ஏறுவதாக இருந்தால் பின்னாலிருந்து குரல் வரும்: “அம்மா, கம்பெனி கமிங். சாமி டைம்.” சிரிப்பேன். குழந்தை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறது என்று கணவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு.

ஆஸ்டினில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தாள். அங்கேயே வேலை கிடைத்தது. ஒன்றரை வருஷம் வேலை பார்த்தவள், ஒருநாள் போனில் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். பாடப்போகிறாளாம். கிடாரும் அவளுமாக, பார்களிலும் பார்பிக்யூ கடைகளிலும். அந்த ஆள் மாதிரி. கேட்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நிமிஷம் போல அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்குள் கோயிலில் யாரோ, “பொண்ணு என்ன பண்றா?” என்று கேட்கப்போவது நினைவுக்கு வந்துவிட்டது.

கேட்டார்கள். “மாஸ்டர்ஸ் பண்றா” என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. எந்த ஸ்பெஷலைசேஷன், எப்போது முடிகிறது, இன்டர்ன்ஷிப் எங்கே என்று ஒவ்வொரு வாரமும் புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு அவள் வந்திருந்தாள். வீடு நிறைய ஆட்கள். கொலு பார்க்க வந்தால் பெண்களைப் பாடச் சொல்வது வழக்கம்தானே. பக்கத்து சப்டிவிஷனில் மகனோடு இருக்கும் ஒரு ஆன்ட்டி, வீட்டுக்கு மூத்தவர் போல எல்லாக் கொலுவிலும் முன்னால் உட்கார்பவர், என் பெண்ணின் கையைப் பிடித்தார்.

“மாஸ்டர்ஸ் எப்பம்மா முடியுது? சரி, அத விடு. ஒரு பாட்டு பாடு.”

பெண் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பாடட்டுமா என்று கேட்கிற முகம். சாமி பாட்டே அவளுக்குப் பத்துப் பதினைந்து தெரியும். எதையாவது பாடியிருப்பாள். ஆனால் அவள் வாயைத் திறந்தால் அந்த மூக்கும் அந்த இழுப்பும் வரும், யாராவது எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்பார்கள், அதிலிருந்து மாஸ்டர்ஸ் வரைக்கும் நூல் பிடித்து வந்துவிடுவார்கள் என்று என் மூளை கணக்குப் போட்டது.

“தொண்டை சரியில்ல ஆன்ட்டி அவளுக்கு” என்றேன்.

பாடிப் பிழைக்கிற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். அவள் எழுந்துபோய் எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தாள், தாம்பூலம் கொடுத்தாள், பாத்திரம்கூடக் கழுவி வைத்தாள். மறுநாள் காலையில் கிளம்பும்போது கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

“அம்மா, யூ சேஞ்ச்ட் தி ஸ்டேஷன் ஆன் மீ.”

அதற்குப் பிறகு இரண்டு நவராத்திரிக்கு அவள் வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. நான் மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் பெண்ணும் போனில் பேசுவார்கள். அவர் கராஜுக்குப் போய்ப் பேசுவார். நான் துணி மடிக்கிற சாக்கில் கராஜ் கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். சிரிப்பு கேட்கும். என்ன சொல்லிச் சிரித்தாள் என்று கேட்டால், “நீயே கால் பண்ணிக் கேளு. நீ பண்ணினத நான் எப்படி ஃபிக்ஸ் பண்றது?” என்பார். சாதுவான மனிதர். சாதுவானவர்கள் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் இன்னும் எரிச்சலாக வரும்.

கிரீன் கார்டு வந்து எனக்கும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை கிடைத்திருந்தது. போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். தனியாகத்தான் போவேன், அந்த ஆளைக் கேட்டுக்கொண்டேதான் போவேன். டிரக் பாட்டு வந்தால் நான் என் கீழ்க்குரலைப் பாடுவேன். மேல்குரல் வர வேண்டிய இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். கீழ்க்குரலை மட்டும் தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே இருக்காது. எனக்கு என் பெண் வேண்டும். அவள் எஞ்சினியராக வேண்டாம், மாஸ்டர்ஸ் வேண்டாம், பின் சீட்டில் உட்கார்ந்து கத்தினால் போதும் என்று ஸ்டீயரிங்கிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை கணவரிடம் காஸ்ட்கோ கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்டினுக்கே ஓட்டிக்கொண்டு போனேன். மூன்றரை மணி நேரம். அவளுக்குப் பிடிக்கும் என்று ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொண்டுபோனேன். அவள் பாடுகிற இடத்தை நெட்டில் பார்த்து வைத்திருந்தேன்; திறந்தவெளி. நீள பெஞ்சுகள், நாய்கள், குழந்தைகள், கையில் பீர். சுற்றி இடுப்பு உயர வேலி. மாலை ஏழு மணி, நம் ஊர் நாலு மணி வெயில் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்தினேன். மேடை நன்றாகவே தெரிந்தது. மெலிந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டேன். ஏசிக்காக இன்ஜினை அணைக்கவில்லை.

அவளுடைய சொந்தப் பாட்டுகள் எனக்குத் தெரியவில்லை. என் பெண்ணின் பாட்டு எனக்கே தெரியாது. கடைசியாக டிரக் பாட்டைப் பாடினாள். பாதியில் மேடை ஓரத்துக்கு வந்து, நெற்றியில் கையை வைத்து வேலிப் பக்கம் பார்த்தாள். வெயில் கண்ணில் படுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது. அவள் மேடையைவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இப்போது போகலாம், இப்போது போகலாம் என்று கதவுப் பிடியில் கை வைத்தபடியே இருந்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ரிவர்ஸ் எடுத்துத் திரும்பி வந்துவிட்டேன், புளிக்காய்ச்சலோடு. காஸ்ட்கோவில் இவ்வளவு நேரமா என்று கணவர் கேட்கவில்லை. பாட்டிலைப் பார்த்தார், வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தார்.

இரண்டு வாரம் முன்பு அந்த ஆள் இறந்துபோனார். மெக்சிகன் கடைக்காரரிலிருந்து ஆபீஸ் வாசல் செக்யூரிட்டி வரைக்கும் அவரைப் பற்றியே பேச்சு. அந்தச் சனிக்கிழமை காலை கோயிலில் பிரசாதம் செய்ய எங்கள் முறை. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனேன். முன் சீட்டில் கொலுவில் பாடச் சொன்ன ஆன்ட்டி. பின்னால் இரண்டு பேர், மடியில் ஊறவைத்த கடலைப்பருப்புப் பாத்திரம். வழக்கம்போல சாமி பாட்டு ஓடியது. டோல்வே நெடுஞ்சாலையில் ஏறியதும் சிடி ஒரு இடத்தில் திக்கித் திக்கி நின்றது; பழைய சிடி. தானாக ரேடியோவுக்கு மாறிக்கொண்டது.

அவருக்காகச் சின்ன வயதுப் பாடகர்கள் பாடிக்கொடுத்த பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரக் பாட்டு ஆரம்பித்தது. கிடார் மட்டும். என் விரல் இரண்டாம் பட்டனுக்குப் போய்விட்டது. அப்போது பாட்டுக்கு முன்னால் ஒருத்தி மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும். அவள் பிறந்த அன்றிலிருந்து தெரியும்.

விரலை எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்தேன். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்.

ஆன்ட்டி காதைக் கொடுத்துக் கேட்டார். “யாரும்மா இந்தப் பொண்ணு? அமெரிக்கப் பாட்டுதான், ஆனா நம்ம பசங்க மாதிரி ஒரு வளைவு வளைக்கறாளே.”

“என் பொண்ணு ஆன்ட்டி.”

“உன் பொண்ணா? அவ மாஸ்டர்ஸ் இல்ல பண்றா?”

“பண்ணல. பொய் சொன்னேன். வேலைய விட்டுட்டு பாடறா. பார்ல பாடறா.”

 ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்குத் தொண்டை சரியில்லைன்னியே?”

“அதுவும் பொய்தான்.”

“என்னடி நீ! ஒரு பாட்டு ஃப்ரீயா கேட்டிருப்பேனே!” என்றார். குரலில் கொஞ்சம் வலி தெரிந்தது. பிறகு, “சத்தத்தக் கூட்டு” என்றார். பின்னால் இருந்த இருவர் மூலமாக சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் போயிருக்கும். போகட்டும். எனக்குக் கண்ணீர் வந்து ரோடு தெரியாததால் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்திவிட்டு முழுப் பாட்டையும் கேட்டோம். கீழ்க்குரலை நான் பாடினேன். மூன்று பேர் முன்னால், வாயைத் திறந்து.

கோயில் பார்க்கிங்கில் அவர்களை இறக்கிவிட்டு, காரில் இருந்தபடியே பெண்ணுக்கு போன் செய்தேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள்.

“ரேடியோல கேட்டேன்டி” என்றேன்.

“ஓ. அட் ஹோம்?” என்று கேட்டாள்.

“கார்ல. கோயிலுக்கு வந்திட்டிருந்தேன்.”

 மெதுவாக, “வாஸ் எனிபடி இன் தி கார்?” என்றாள்.

“மூணு பேர். அந்தக் கொலு ஆன்ட்டியும் இருந்தாங்க.”

“அண்ட்?”

“மாத்தலடி.”

 மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது. அந்த மூக்கேதான். அப்புறம் வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி, வெள்ளிக்கிழமை டென்டனில் பாடுகிறேன், ஆறு மணிக்கு, ஃபிரிஸ்கோவிலிருந்து அரை மணி நேரம்தான் என்று கடகடவென்று சொன்னாள். வேண்டுமானால் ஆன்ட்டியையும் அழைத்து வரலாமாம். சரி என்றேன். வைத்துவிடப் போனவள் வைக்கவில்லை.

“அம்மா, திஸ் டைம் கம் இன்சைட்.”

அன்றைக்குக் கோயிலில் என்ன செய்தேன், எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய் முதலில் புளியை ஊறப்போட்டேன்.